பந்தலுக்குப் பின்பக்கம் வாங்க!

பந்தலுக்கு முன்னால் பாய் விரித்து இடம் பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். நாம் பின்பக்கம் போவோம். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் ஊர்க்கோயில் திருவிழாவான கொடை என்றால் முன்பக்கம் சீரியல் விளக்கு, சவ்வுமிட்டாய், பலூன், குழாய் ஒலிபெருக்கி. பின்பக்கம்? அங்கேதான் அத்தனை ரகசியமும் இருக்கிறது!

இதோ, ஒரு பழைய வேட்டியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்த குடம். மண் குடம்தான். ஒரு கீறல் விழுந்தால் ராத்திரி வில்லுப்பாட்டுக் கச்சேரியே போச்சு. அதை வில்லின் அடியில் வைத்துக் கட்டுகிறார்கள். ஆளைவிட நீளமான வில், தோல் நாண், வரிசையாகத் தொங்கும் மணிகள். ஒருவர் நாணைத் தட்டிப் பார்க்கிறார், காதைச் சாய்க்கிறார், அவிழ்த்து இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டுகிறார். இன்னொருவர் கமுகம்பாளையில் செய்த பத்தியால் குடத்தின் வாயில் ஒரு அறை வைக்கிறார். ‘தொம்’! அடிவயிற்றில் வந்து விழுகிறது அந்தச் சத்தம். உடுக்கையின் கயிற்றை இறுக்குகிறார்கள். வெற்றிலை மடிபடுகிறது. சுக்குக் காப்பி வருகிறது. எனக்கு இந்த நேரம்தான் உயிர்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று ஓரமாக நடந்துகொண்டிருக்கிறது. தலைமைப் பாடகரான புலவர், வரி கொடுத்துக் கொடை நடத்தும் கோயில் வரிக்காரர்களோடு குத்தவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

“அண்ணாச்சி, முதல்ல யாருக்குப் பாடணும்?”

“அம்மனுக்குத்தான். மாடனுக்குச் சாமத்துல. எங்க சின்னையா ஆடுவாரு. போன மாசம் அவருக்கு மேலுக்குச் சுகமில்ல. கொஞ்சம் பார்த்துக்கிடுங்க.”

“சரி, நான் பாத்துக்கிடுதேன். தீவாராதனை எப்போ?”

எந்தச் சாமி யார்மேல் வரும், அவருக்கு உடம்பு தாங்குமா, இந்த வருசம் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறதா, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் புலவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் மேடை ஏறமாட்டார். கலையைக் கொண்டு மனதை ஆற்றும் கலைவழி சிகிச்சை படித்தவர்கள் முதல் சந்திப்பில் என்ன செய்வார்களோ அதே காரியம், வெற்றிலைச் செல்லத்துக்குப் பக்கத்தில், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

கலைவழி சிகிச்சையின் கதை மேற்கில் அப்படியொன்றும் பழையது இல்லை. காசநோய் மருத்துவமனையில் படுத்தபடியே படம் வரைந்து தேறிய ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1942-இல் அதற்கு ஒரு பெயர் வைத்தார். அதற்கும் முன்பு, 1921-இல், வியன்னாவில் ஜேக்கப் மொரினோ என்ற மருத்துவர் காலி மேடை ஒன்றில் ஏறி, பார்க்க வந்தவர்களையே நடிக்கச் சொன்னார். மனநோய்க்கு நாடகத்தையே மருந்தாக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. பிரேசில்காரரான அகஸ்டோ போவால் 1970-களில் நாடகத்தை ஒடுக்கப்பட்டவர்களின் கையில் கொடுத்தார். பார்வையாளர் நடுவில் எழுந்து “நிறுத்து, நான் செய்துகாட்டுகிறேன்” என்று மேடை ஏறலாம் என்றார். மூன்று பேரையும் எனக்குப் பிடிக்கும். மூன்று பேரையும் ஒரு சாமக்கொடைக்குக் கூட்டிவந்து குடத்துப் பக்கம் உட்காரவைக்க முடிந்திருந்தால்! அந்த ஆசையை நினைத்தாலே சிரிப்பு பொங்குகிறது.

சரி, மேடைக்கு வருவோம். காப்புப் பாட்டு, குருவடி, அவையடக்கம். புலவரின் இரண்டு வீசுகோலும் நாணில் விழுகிற வேகத்தில் மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்குகின்றன. இப்போது பக்கப்பாட்டுக்காரரைக் கவனியுங்கள். புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். இவர் “ஆமா” என்பார். “அப்படியா?” என்பார். “பிறகு என்ன ஆச்சு?” என்பார். மேலோட்டமாகப் பார்த்தால் கதை தொய்யாமல் இருக்கச் செய்கிற உத்தி. உண்மையில் அந்த ஆமாவுக்கு வேறொரு பலம் உண்டு. கதையில் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, அதைக் கேட்டு ஆமோதிக்க ஒரு மனிதர் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆமா போடப் போட, கேட்கிற கூட்டமும் உள்ளுக்குள் ஆமா போடுகிறது. வீட்டில் சொல்லி யாரும் நம்பாத சங்கதி எத்தனை பேர் மனசில் கிடக்கும்! ஊர் நடுவே, ஒலிபெருக்கியில், ஒருத்தியின் துயரத்துக்கு விடியவிடிய ஆமா போடுகிற கலை நம்மிடம் இருக்கிறது.

யாருடைய துயரம் அது? வில்லுப்பாட்டுக்காரர்கள் ‘வெட்டுப்பட்ட வாதை’ என்பார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டுப் பின்பு தெய்வமானவர்கள். புதையலுக்காகக் கர்ப்பிணியாகவே பலிகொடுக்கப்பட்ட பொன்னிறத்தாள். வேறு சாதிப் பெண்ணோடு வாழ்ந்ததற்காகச் சொந்தக் குடும்பத்தாராலேயே கொல்லப்பட்ட சின்ன நாடான். கொன்றவர்களின் வாரிசும் செத்தவர்களின் வாரிசும் ஒரே பந்தலில் உட்கார்ந்து இந்தக் கதைகளைக் கேட்கக்கூடும். ஊர் செய்த பாவத்தை ஊரே காசு போட்டு, ஆள் கூப்பிட்டு, வருசம் தவறாமல் பாடச்சொல்லிக் கேட்பது உலகத்தில் எத்தனை இடத்தில் நடக்கிறது?

அமெரிக்க நாட்டாரியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தென்கோடித் தமிழகத்தில் கொடை கொடையாக உட்கார்ந்து கேட்டு, 1988-இல் வில்லுப்பாட்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். அவர் கண்டுசொன்ன ஒரு சங்கதி என்னைத் துள்ளவைத்தது. கதையில் சாவு வருகிற கட்டமும், கொடையில் சாமி இறங்குகிற உச்ச நேரமும் ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி பாட்டு அமைகிறது என்கிறார். அதாவது புலவர் கதையை இழுப்பதும் சுருக்குவதும் பூசாரியையும் சாமியாடியையும் பார்த்துத்தான். முதல் முறை கொடை பார்ப்பவர்கள் பாட்டையே கவனிப்பார்கள். அடுத்த முறை புலவரின் கண்ணைக் கவனியுங்கள். அது கூட்டத்தை விட்டு அகலாது. யாருக்கோ கால் நடுங்குகிறது, அவருக்குத் தெரிகிறது. வீசுகோலின் வேகம் கூடுகிறது. உடுக்கை பின்னால் ஓடிவருகிறது. குடம் இடிக்கிறது. குலவை எழுகிறது. ஓரத்தில் நின்ற சித்தி ஒருத்தி தலைமுடி அவிழ, “யாருலே என்னை மறந்தது?” என்று கேட்கிறாள். வருசம் முழுக்கக் குரல் உயர்த்தாத பெண் அவள். ஊர்ப் பெரியவர் கைகட்டிப் பதில் சொல்கிறார். அவள் அழவேண்டிய அழுகையை அழுது முடிக்கும்வரை வில்லும் நிற்பதில்லை, ஊரும் கலைவதில்லை.

பிறகு இறக்கம். இதையும் தவறவிடாதீர்கள். திருநீறு, தண்ணீர், தாங்கிப்பிடிக்க இரண்டு பெண்கள். பாட்டு மெல்ல மெல்லத் தணிகிறது. யாரையும் உச்சியில் தனியே விட்டுவிட்டு மேடை இறங்குவது கிடையாது. கடைசியில் வாழி பாடி, பந்தல் போட்டவர் முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை எல்லாரையும் வாழ்த்திவிட்டுத்தான் வில்லை அவிழ்ப்பார்கள்.

இப்போது பக்கத்துக் கோயிலுக்கு ஒரு எட்டு போகலாம். அங்கே கணியான் கூத்து. சுடலைமாடன் கொடைக்கு மகுடம் இல்லாமல் முடியாது! மகுடம் என்பது வட்டச் சட்டத்தில் தோல் ஒட்டிய பறை. இரண்டு இருக்கும்: ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஓலையைக் கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காட்டி முறுக்கேற்றுகிறார்கள். புறங்கையால் தட்டிப் பார்ப்பார்கள். போதாது, இன்னும் கொஞ்சம் தீ. தீயின் வெளிச்சத்திலேயே இன்னொரு மூலையில் இரண்டு ஆண்கள் பெண்ணாகிக்கொண்டிருக்கிறார்கள். அரிதாரம், மை, சேலைக் கொசுவம், கடைசியாகச் சலங்கை. சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் காலில் கட்டி எழுந்ததும் நடையே மாறிவிடுகிறது. தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பின்பாட்டுக்காரர் ஒரு கையைக் காதில் பொத்தி உச்சக் குரலில் எடுக்க, சலங்கை மகுடத்தோடு மல்லுக்கு நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, தரையே அதிரும்.

ஆனால் இந்தக் கலைஞர்களைப் பற்றி நெஞ்சில் ஒரு முள் இருக்கிறது. கணியான்கள் எண்ணிக்கையில் சிறிய பழங்குடிச் சமூகம். சில கொடைகளில் நள்ளிரவில் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் சிந்துவதும் சடங்கின் ஒரு பகுதி. ஊருக்காக ரத்தம் சிந்துகிற மனிதருக்கு, விடிந்ததும் அதே ஊரில் என்ன மரியாதை என்று கேட்டால் பல இடங்களில் பதில் சங்கடமானது. ஊரை ஆற்றுகிற கலை தன் கலைஞனை ஆற்றவில்லை என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்றே நான் நினைக்கிறேன். கூலி உயரவேண்டும், பந்தியில் இடம் சமமாக வேண்டும்.

இந்தச் சாதிச் சங்கடம் பாடுகிற கதைகளுக்குள்ளும் உண்டு. அங்கே மாற்றம் எப்படிப் புகுகிறது என்பதற்கு முத்துப்பட்டன் கதையைவிட நல்ல சாட்சி இல்லை. பிராமண இளைஞன். செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் காதலித்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கப் பழகி, மணம் முடிக்கிறான். மாமனின் மாட்டைக் கவரவந்த கள்வரோடு போரிட்டுச் சாகிறான். பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது ஒரு திரைமறைவு வேலையைக் கண்டுபிடித்தார். அந்தப் பெண்களும் பிறப்பால் பிராமணர்களே, பகடை எடுத்து வளர்த்தவன்தான் என்று சில பிரதிகளில் ஒரு கதை நுழைந்திருக்கிறது. அது பின்னால் செருகியது என்றார் நா.வா. யோசித்துப் பாருங்கள், கதை அவ்வளவு உறுத்தியிருக்கிறது! உறுத்தலைத் தாங்கமுடியாமல் யாரோ திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் பாபநாசத்துக்கு மேலே காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும், பட்டவராயன் என்று தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டனுக்குத் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். செருகியவர் கை அங்கே எட்டவில்லை.

சங்கரன்கோவில் ஊருக்குள்ளும் ஒரு மாபெரும் நாடகம் உண்டு. ஆடித்தபசைத்தான் சொல்கிறேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவருக்குச் சிவன் பெரியவர், மற்றவருக்குத் திருமால். சண்டை தீரவில்லை. வழக்கு கோமதி அம்மனிடம் போகிறது. அவள் தீர்ப்புச் சொல்லாமல் தவம் இருக்கிறாள். கடைசியில் பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். பன்னிரண்டு நாள் திருவிழாவின் சிகரம் அதுதான். தபசுக் காட்சி நேரத்தில் விவசாயிகள் பருத்தி, மிளகாய் வத்தல், காய்கறி என்று விளைந்ததை எல்லாம் சூறை விடுகிறார்கள். பார்வையாளர் என்று அங்கே யாரும் இல்லை, எல்லாரும் நடிகர்கள். கொடியேறியதிலிருந்து ஆடிச் சுற்று வேறு: 108 சுற்று, சிலர் அதற்கும் மேலே, பிரகாரத்தில் நடையும் ஓட்டமுமாக. அம்மன் ஒற்றைக்காலில் நின்று பட்ட நோவைத் தாங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாக ஒரு நம்பிக்கை. அடுத்தவர் வலியில் பங்கு கேட்டு ஓடுகிற ஜனம்! அம்மன் சந்நிதி முன்னே சக்கரக் குழி ஒன்று இருக்கிறது. மனம் கலங்கியவர்களை அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வார்கள். நெற்றியில் புற்றுமண் பூசிவிடுவார்கள்.

இதனால் குணமாகுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆர். ராகுராம் குழுவினர் ஒரு தமிழ்நாட்டுக் கோயிலைப் பற்றி எழுதினார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில். அங்கே தங்கவந்த மனநோயாளிகள் 31 பேரை, வந்தபோதும் கிளம்பும்போதும் சோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே தனிச் சடங்கு எதுவும் பெரிதாக இல்லை. பூசை, கூட்டிப்பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. யாரும் விரட்டாத, பழிக்காத ஒரு இடம். ஆய்வாளர்கள் அந்தச் சூழலைத்தான் காரணமாகக் காட்டினார்கள்.

அதே மூச்சில் தர்கா ஊரான ஏர்வாடியையும் சொல்லியாகவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். நம்பிக்கை என்ற பெயரில் சங்கிலி வந்தால் அதற்கு எந்தச் சலுகையும் கிடையாது. மாத்திரை வேண்டியவருக்கு மாத்திரையும் மருத்துவரும் வேண்டும். கொடைக்குப் போகிறவர் மாவட்ட மருத்துவமனைக்கும் போகலாம், இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. மாத்திரையால் எட்டமுடியாத ஒரு இடம் இருக்கிறது. ஊரோடு ஒருவருக்கு அறுந்துபோன உறவு. அங்கேதான் குடமும் மகுடமும் போய் வேலை செய்கின்றன.

கலையின் இந்த ஆற்றலைத் தெரிந்தே கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இலங்கையின் மட்டக்களப்பில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1996-இல் ஒரு தோட்டம் தொடங்கியது. பெயர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா! கனடா ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவந்து களிமண் பிசையவும் கதை கட்டவும் நாடகம் போடவும் விட்டார்கள். குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். பக்கத்து ஊர்ப் பிள்ளையை எதிரி என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் சேர்ந்து மண் பிசைந்தார்கள். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய நாடகங்களும் க. சிதம்பரநாதனின் அரங்கச் செயல்பாடும் போர் தந்த மனவடுவை ஊர் கூடிப் பேசவைத்தன. திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு, தலித் பெண் பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்தது. சாவு வீட்டில் அடிக்கிற இழிந்த வேலை என்று ஒதுக்கப்பட்ட பறை. அதைப் பெண்கள் தோளில் மாட்டி நிமிர்ந்து ஆடுவதை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ரத்தம் சூடாகும். 1990-களில் நெல்லைச் சீமையில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள் பாட்டோடும் வீதிநாடகத்தோடும்தான் ஊருக்குள் நுழைந்தார்கள். பகலெல்லாம் வயலிலும் பீடித் தட்டோடும் கழித்த பெண்கள் இரவில் சிலேட்டோடு உட்கார்ந்தது அந்தப் பாட்டுகளுக்குப் பிறகு.

வில்லுப்பாட்டுக்கும் இந்த வேலை புதிதில்லை. நெல்லை மாவட்டம் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், கோயில் வில்லைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய், சாமி கதை பாடிய நாணிலேயே காந்தி கதையையும் பாடினார். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள், ஆண்கள் நிறைந்த மேடையில் நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடித்தார். 2018-இல் அவர் மறைந்தார். இப்போது தென்மாவட்டக் கொடைகளில் பெண்கள் தலைமையேற்கும் வில்லிசைக் குழுக்களை விரும்பிக் கூப்பிடுகிறார்கள். போஸ்டரில் பட்டுச் சேலையும் வீசுகோலுமாக இளம்பெண்கள் சிரிக்கிறார்கள். பொன்னிறத்தாளின் கதையை ஒரு பெண் குரலில், அந்தப் பெண்ணே தேர்ந்தெடுத்த வேகத்தில் கேட்பது முற்றிலும் வேறு அனுபவம். ஆண் புலவர் கண்ணீரோடு கடந்துபோகிற இடத்தில் அவள் கோபத்தோடு நிற்கக்கூடும்.

எனக்கு ஒரு பேராசை. கலைவழி சிகிச்சை பயிலும் மாணவர்கள் பட்டம் வாங்கும் முன் ஒரு கொடைக்காலம் முழுக்க ஒரு வில்லுப்பாட்டுக் குழுவோடு சுற்றவேண்டும். குடம் சுமக்கவேண்டும், மகுடம் காய்ச்சவேண்டும், வரிக்காரர்களிடம் புலவர் என்ன கேட்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். அந்தப் புலவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் அதற்கான சம்பளமும் கொடுக்கவேண்டும்.

அதுவரை நீங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் கிளம்புங்கள், இல்லாவிட்டால் ஆடியில். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலில் நிற்கும். இறங்கி, பூ மார்க்கெட்டில் மல்லிகை எடைபோடுகிறவரிடம் “இந்த வாரம் எங்கண்ணாச்சி கொடை?” என்று கேளுங்கள். மாலை எந்த ஊருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. செவ்வாய், வெள்ளி என்றால் ஒன்றுக்கு இரண்டு ஊர் சொல்வார். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், அப்போதுதான் வில் கட்டுவதைப் பார்க்கலாம். உட்கார இடம் கேட்டால் குடத்துப் பக்கம் கேளுங்கள். அன்பளிப்பு கொடுங்கள், மைக்கில் உங்கள் பெயரும் ஊரும் வரும், வெட்கப்படாதீர்கள். தூக்கம் வந்தால் பந்தலிலேயே சரிந்துகொள்ளலாம், யாராவது போர்வை தருவார்கள். விடியக்காலம் வாழி பாடும் முன் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். ஊர் பேரைச் சொல்லியிருந்தீர்கள் என்றால் புலவர் உங்கள் ஊருக்கும் சேர்த்தே பாடுவார்!